மகாராணி மறுத்த தண்ணீர்

சவாரிப் பள்ளியின் லாயத்தைப் பார்த்துக்கொள்பவளுக்குத் தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒன்பது குதிரைகளுக்கும் பொதுவான சிமெண்டுத் தொட்டியை விடிந்ததும் காலி செய்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பிய பிறகுதான் அவளுக்கு டீயே தொண்டையில் இறங்கும். "எங்க வீட்டுத் தண்ணியவிட குதிரைத் தண்ணி சுத்தம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள்.

அந்தத் தொட்டியில்தான் செவ்வாய்க்கிழமை காலை மகாராணி வாய் வைக்க மறுத்தது. மகாராணி என்பது வயதான வெள்ளைக் குதிரை. தண்ணீரை முகர்ந்தது, மேலுதட்டைச் சுருட்டியது, பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. தலைவி சொல்லைத் தட்டாத தொண்டர்கள் போல மற்ற எட்டும் பின்னால் நகர்ந்தன. வேறு குழாயில் வாளி பிடித்து வைத்தால் மட்டும் மடமடவென்று குடித்தன. ஒன்பது குதிரைக்கும் வாளி சுமந்ததில் சாயங்காலத்துக்குள் அவள் முதுகு வில்லாக வளைந்துவிட்டது. இரண்டு முறை தொட்டியைத் தேய்த்தும் பலன் இல்லை.

வீட்டில் வேறொரு தலைவலி. லாயத்துக்குப் பின்னால்தான் வீடு. அங்கே மாமனார் திங்கட்கிழமை மத்தியானத்திலிருந்து வாயைத் திறக்கவில்லை. ரொட்டியைப் பாலில் ஊறப்போட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து விழுங்கினார். எது கேட்டாலும் தலையாட்டல்தான்.

"உங்கப்பாவுக்கு என் மேல என்ன கோவம்?" என்று புருஷனைக் கேட்டாள்.

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்தச் சொன்னேன்?"

"அப்ப நிச்சயமா ஏதோ சொல்லியிருக்கே" என்று அவன் தீர்ப்பெழுதிவிட்டு வேலைக்குப் போனான்.

புதன்கிழமை தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவரிடம் விஷயத்தைக் கொட்டினாள். டாக்டரம்மா தொட்டியை எட்டிப் பார்த்தாள். "பார்க்கச் சுத்தமாத்தான் இருக்கு. நீங்க குடிப்பீங்களா?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் அள்ளி ஒரே மூச்சில் குடித்தாள். கொஞ்சம் பாசி வாடை அடித்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, "தேன் மாதிரி இருக்கு" என்றாள்.

டாக்டரம்மாவின் கண் தொட்டியின் ஓரத்தில் இருந்த தகர மூடிமேல் விழுந்தது. உள்ளே, தொட்டிக்குத் தண்ணீர் விடும் மிதவைக் குழாய் இருக்கும் குட்டி அறை. "இதையும் தேய்ப்பீங்கல்ல?"

"அதுவா? அது... மூடியேதானே இருக்கு?"

மூடியைத் தூக்கியதும் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பச்சைப் பாசி, அழுகிய வைக்கோல், யாரோ குச்சியால் கிளறிவிட்டதுபோல் கலங்கிய சேறு. அதன் நடுவில், இரண்டு வரிசையும் குறையாமல், ஒரு பல்செட்டு அவளைப் பார்த்துச் சிரித்தது.

அவளுக்குக் குடித்த தண்ணீர் தொண்டை வரை வந்துவிட்டுப் போனது.

"மாமா!"

ஏற்கெனவே கதவோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்ல வந்தார். பல்லை எடுத்து, வாளித் தண்ணீரில் நாலு முறை அலசி, மாட்டிக்கொண்டார். இரண்டு நாளில் முதல் பேச்சு வந்தது.

"வீட்டுக் குழாயில செம்மண்ணா வந்துச்சும்மா. குதிரைத் தண்ணிதான் சுத்தம்னு நீதானே சொல்லுவே? தொட்டியில எச்சி பட்டாத் திட்டுவியேன்னு, மூடியைத் தூக்கி அதுக்குள்ள அலசினேன். வழுக்கிடுச்சு. குச்சி விட்டுத் துழாவிப் பார்த்தேன், கிடைக்கல."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா மாமா?"

"பல்லு இல்லாம எப்படிம்மா சொல்றது?"

டாக்டரம்மா ஊசிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். திட்ட வாயெடுத்த மருமகளுக்கும் சிரிப்புதான் வந்தது. என்ன சொல்லித் திட்டுவது? அவர் கிளறினார் என்றால், கிளற அத்தனை சேற்றை வருஷக்கணக்கில் சேர்த்து வைத்தது யார்?

மாமனார் மூடியைப் பிடித்துக்கொள்ள, அவள் முழங்கை வரை கையை விட்டு அந்த அறையைச் சுரண்டினாள். மூன்று வாளி சேறு வந்தது. பிரஷ் போட்டு, நாலு முறை கழுவிவிட்டு, தொட்டியை நிரப்பினார்கள்.

மகாராணி வந்தது. முகர்ந்தது. யோசித்தது. பிறகு காதுகள் முன்னும் பின்னும் ஆட, உறிஞ்சத் தொடங்கியது. குடித்து முடித்ததும், வாயோரம் ஒட்டியிருந்த வைக்கோல் முழுவதையும் புதுத் தண்ணீரில் துப்பிவிட்டுப் போனது.

"விடும்மா" என்றார் மாமனார். "அதுக்காவது சொந்தப் பல்லு இருக்கே."