கிர்ஸ்டிக்குச் சளி பிடித்த வாரம்

"சும்மா அளக்காதே," என்றாள் ஐல்சா. "பேரே தெரியாம ஒரு ஸ்வரத்தை எப்படிடா பாடுவே?"

"நம்ம பஸ் டிரைவர் பேரு உனக்குத் தெரியுமா? தெரியாமத்தானே தினம் வீடு போய்ச் சேர்றே?"

"அது வேற."

"வேறதான். அவரு உன்னை மாதிரி அலட்டிக்க மாட்டாரு." ரூரி கையிலிருந்த ரொட்டி ரோலைக் கடித்தான். அதற்குள் இருந்த சதுர சாசேஜ் இறைச்சி பாதி வெளியே வந்து தொங்கியது. "பக்கத்துல இருக்கிறவன் பாடறதைக் கேப்பேன். அதுல என் இடம் எதுன்னு தெரியும். போய் நின்னுப்பேன். அவ்வளவுதான்டி."

கான்டீனுக்கு வெளியே கிளாஸ்கோ மழை சன்னலைத் துடைப்பதும் நனைப்பதுமாக இருந்தது. மூலையில் குளிர்பானப் பெட்டி ஒன்று ஜி என்ற ஸ்வரத்துக்கும் அதை அடுத்த ஜி ஷார்ப்புக்கும் நடுவில், எதிலும் சேராமல், முனகிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியின் பக்கத்தில் ஐல்சாவால் உட்கார முடியாது; இன்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் வருடத்திலிருந்தே இந்த மூலை மேசைதான் காலியாகக் கிடைக்கும் என்பதால் ரூரி அங்கேதான் உட்காருவான். அவனுக்கு அந்த முனகல் காதில் விழுந்ததே இல்லை.

இருவரும் இசை நாடகப் படிப்பில் கடைசி வருடம். ஐல்சாவின் காது கல்லூரியில் பிரசித்தம். கெட்டில் கூவினாலும், யாராவது கதவை அடித்துச் சாத்தினாலும், அது என்ன ஸ்வரம் என்று சொல்லிவிடுவாள். கேட்டு யோசித்துச் சொல்வதில்லை. சிவப்பைப் பார்த்ததும் சிவப்பு என்று தெரிகிறதே, அப்படி. தாளில் டி என்று இருந்தால் தொண்டையில் டி வந்து நிற்கும். ரூரிக்கு அதெல்லாம் கிடையாது. தாளில் எந்தப் புள்ளிக்கு என்ன பெயர் என்று எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். ஆனால் பாட்டில் தவறியதே இல்லை.

இன்று காலை தவறியது ஐல்சா.

காலை ஒத்திகையில் நடந்தது இதுதான். இரண்டாம் அங்கத்துக் கூட்டுப் பாட்டு வாத்தியம் இல்லாமல் தொடங்கும். இசை நடத்தும் ஷோனா பியானோவில் ஒரே ஒரு ஸ்வரத்தை மெல்லத் தொட்டுக் காட்டுவாள். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும். கதாநாயகி கிர்ஸ்டிக்குச் சளி. கிர்ஸ்டியின் மூக்கைப் பார்த்ததுமே ஷோனா சுருதியை அரைப் படி இறக்கிவிட்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. நாடகக் கொட்டகையில் யாரும் சொல்லவும் மாட்டார்கள். தொட்டுக் காட்டும் ஸ்வரம்தான் சேதி. தாளும் மாறாது. அச்சில் உள்ளது உள்ளபடியே இருக்கும், பாட்டு மட்டும் அரைப் படி கீழே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஐல்சா அந்த ஸ்வரத்தைக் கேட்கவே இல்லை. குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் ஸ்வரம் காட்டித் தர வேண்டியதில்லை என்பது அவளுக்கும் மற்றவர்களுக்கும் பழகிப்போன விஷயம். நிமிர்ந்தாள், தாளைப் பார்த்தாள், அச்சில் இருந்தபடியே பாடினாள். சுற்றிலும் எல்லோரும் கீழே இருப்பது கேட்டது. ஐயோ, கூட்டமே சுருதி இறங்கிவிட்டதே என்று நினைத்தாள். அதோடு விட்டாளா? உள்ளங்கையை மேலே தூக்கி, "ஏறுங்க, ஏறுங்க" என்று சைகையும் காட்டினாள். அவளை நம்பியவர்கள் ஏறினார்கள். பியானோவை நம்பியவர்கள் அங்கேயே நின்றார்கள். பாட்டு இரண்டாகக் கிழிந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட கிர்ஸ்டி உச்ச ஸ்வரத்துக்கு எக்கினாள், குரல் பிளந்தது. இருமிக்கொண்டே வெளியே போனவள் திரும்பி வரவில்லை.

"குழுவை இழுத்துக்கிட்டுப் போய்க் குழியில தள்ளிட்டியேம்மா," என்று ஷோனா சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வோக்கல் கேப்டன் நீதான்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை தனியா வா. கேட்டுட்டுச் சொல்றேன்."

வோக்கல் கேப்டன் என்றால், ஷோனா இல்லாத நேரங்களில் எல்லோருடைய குரலையும் சரிபார்த்து நிறுத்துபவர். ஐல்சா ஆட்டத்தில் கடைசி வரிசை. நடிப்பில் அவளுக்குக் கிடைத்தது "தபால், அம்மா!" என்ற ஒரு வசனம். இந்த நாடகத்தில் அவள் அவளாக நிற்கக்கூடிய இடம் அந்தக் கேப்டன் பதவி ஒன்றுதான்.

ஆனால் ரோலை வைத்துக்கொண்டு ரூரி பேசப் பேச, அவள் மனம் பதவியை விட்டு வேறெங்கோ நகர்ந்தது.

"சரி, உனக்கு என்னதான் கேக்குது?" என்று கேட்டாள். "கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு. பேரு இல்லேன்னா அங்க என்னதான் இருக்கு?"

ரூரிக்கு இப்படி யாரும் கேட்டதில்லை. மெல்லுவதை நிறுத்தினான். "முதல் ஸ்வரம் வீடு. அங்க ஷூவைக் கழட்டிப் போட்டுடலாம். அஞ்சாவது... வாசக்கதவுல சாஞ்சு நிக்கற மாதிரி. உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல, ஆனா கஷ்டமில்ல."

"ஏழாவது?"

"தும்மல் வரப்போவுதே, வந்து தொலையாம மூக்கு நுனியில நிக்குமே, அது."

ஐல்சா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு அடங்கி அவனையே பார்த்தாள். இத்தனை வருடமாக அவளும் அதே ஏழாவது ஸ்வரத்தைப் பாடியிருக்கிறாள். அது அவளுக்கு எஃப் ஷார்ப்பாக இருந்தது, சி ஷார்ப்பாக இருந்தது. ஒருநாள்கூடத் தும்மலாக இருந்ததில்லை. எல்லோரும் போய்வந்த ஓர் ஊரின் ரயில் நிலையப் பலகையை மட்டும் வாசித்துவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்ததுபோல இருந்தது.

"எனக்கு அது கேக்கணும்," என்றாள்.

"கேப்டன் ஆறதுக்கா?"

"அதுக்கும்தான்."

மறுநாள், செவ்வாய்க்கிழமை, இருவரும் பயிற்சி அறைக்குப் போனார்கள். அங்கே ஒரு பழைய மின்பியானோ உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் அதே கட்டைகள் வேறு சுருதியில் பேசும். ரூரி சுருதி காட்டும் சின்னத் திரையின் மேல் சூயிங்கம் தாளை ஒட்டி மறைத்தான். ஐல்சா புத்திசாலி, முதலில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். தாளில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் மனதுக்குள் ஒரு படி தள்ளி வாசிப்பது. மெதுவான பாட்டில் அது பலித்தது.

"கணக்குப் போடறே," என்றான் ரூரி.

"சரியாத்தானே பாடறேன்?"

"வரிக்கணக்கு போடறவங்க மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டுப் பாடறே. கேக்கறவன் எந்திரிச்சுப் போயிடுவான்."

அவன் வேகத்தைக் கூட்டினான். கணக்கு நொறுங்கியது. ஐல்சா தாளை எறிந்தாள், எடுத்தாள், மறுபடி எறிந்தாள். புதன்கிழமையும் அதே கதை. வியாழக்கிழமை மத்தியானம் ரூரி பாட்டையே விட்டுவிட்டு, கீழே ஒரே ஸ்வரத்தை மட்டும் அழுத்திப் பிடித்தான். "இதுதான் வீடு. பேரைக் கேக்காத. அங்கயே சுத்திக்கிட்டுரு," என்றான்.

அவள் சுற்றினாள். பெயர்கள் வந்தன, வரட்டும் என்று விட்டாள். ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். எங்கோ ஓரிடத்தில், சுருதிக்குச் சற்றுக் கீழே நின்றபோது, பெயர் வருவதற்குத் தாமதமாயிற்று. அந்த இடைவெளியில் ஸ்வரம் அவள் வாய்க்குள் கூசியது. மேலே போக வேண்டும், போயே ஆக வேண்டும் என்று துடித்தது.

"தும்மல்!" என்று கத்தினாள்.

அவ்வளவுதான், ஈ ஷார்ப் என்று பெயர் ஓடிவந்து நின்றுகொண்டது. தும்மல் போய்விட்டது. எவ்வளவு முயன்றும் அன்று அது திரும்பவில்லை.

"பாத்தியா?" என்றான் ரூரி.

"வாலை மட்டும்தான்டா பாத்தேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. இரவு முழுக்க அந்தக் கூச்சம் நாக்கின் ஓரத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஷோனா பெரிய பியானோவின் முன் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். புதிய தாள் ஒன்றை நீட்டினாள்.

"கிர்ஸ்டிக்குத் தொண்டை சரியாயிடுச்சு," என்றாள். "இனி இறக்க வேண்டியதில்ல. நானும் திங்கக்கிழமை உனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகட்டும். அச்சுல இருக்கிறபடியே பாடு. பாத்தவுடனே பாட உன்னை விட்டா ஆளு யாரு? பாடிட்டு, வெளியில ஒட்டியிருக்கற பட்டியல்ல கேப்டன்னு உன் பேரை நீயே எழுதிட்டுப் போ."

ஐல்சா தாளைப் பார்த்தாள். ஏ ஃப்ளாட்டில் தொடங்குகிறது. நடுவில் குதிக்கிறது, ஆனால் பயமில்லை. பார்த்த மாத்திரத்தில் எல்லாம் பெயர் பெயராகத் தொண்டையில் வரிசைகட்டி நின்றன. தூக்கத்தில்கூடப் பாடிவிடுவாள். மூன்றாவது வரியில் ஏழாவது ஸ்வரம் ஒன்று நீளமாக நின்றது. அதன் பெயரும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அது ஜி. வெறும் ஜி.

ஷோனா முதல் ஸ்வரத்தைத் தொட்டாள். அச்சில் உள்ள அதே ஏ ஃப்ளாட். இந்தமுறை ஐல்சா காது கொடுத்து, அது தேய்ந்து மறையும்வரை கேட்டாள். வாயைத் திறந்தாள். பாடாமல் மூடினாள்.

"என்னம்மா?"

இன்னொரு சளி எப்படியும் வரும். அன்றைக்கு இருபது பேர் தன் கையைப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. ஆனால் அவளை நிறுத்தியது அதுகூட இல்லை. அந்த ஜி-க்குப் பின்னால் ஒளிந்திருப்பதை அவளுக்குப் பார்க்க வேண்டும். இப்போதே. தவறினால் பட்டியலில் வேறு பெயர் ஏறும் என்று தெரிந்தேதான்.

அவள் பியானோவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"ஷோனா, சுருதியை மாத்தி வாசிக்கறீங்களா? எங்க வேணா வெச்சுக்குங்க. எங்கேன்னு மட்டும் எனக்குச் சொல்லாதீங்க."