நாக்கை நீட்டச் சொன்ன டாக்டர்

"ஜிப் பேர் கொருன்" என்று வங்காளியில் சொன்னார் டாக்டர் சென்குப்தா. நாக்கை நீட்டச் சொல்கிறார் என்று ஷியாமளாவுக்குப் புரிந்தது, வாய்தான் திறக்கவில்லை. கழுத்தின் நடுவில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. புற்றுநோயோ என்ற பயத்தில் ஒரு மாதமாகச் சோறு இறங்காமல் பாதியாகியிருந்தாள். அந்தப் பயத்தைச் சொல்லச் சொன்னால்கூடச் சொல்லியிருப்பாள். ஆனால் புருஷன் ஜம்புநாதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இன்னொரு ஆண்பிள்ளைக்கு முன்னால் நாக்கை நீட்டுவதாவது!

"ஏன்னா, நீங்க சித்த வெளியில இருங்கோளேன்."

"எதுக்குடி? நாக்கைத்தானே கேக்கறார், நகையையா கேக்கறார்?" என்றவர், ஆனாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே காலண்டரில் காளி நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "தெரியாமல் புருஷனை மிதித்துவிட்டாளாம், அந்த வெட்கம் அது. எங்கள் ஊரில் வெட்கம் வந்தால்தான் நாக்கு வெளியே வரும். உங்களுக்கும் வெட்கம்தானே?" என்றார் வங்காளியிலேயே.

ஷியாமளா நாக்கை நீட்டினாள். டாக்டரின் விரலடியில் கட்டி மெல்ல மேலே ஏறியது. நாக்கோடு நகர்கிறது, பெரும்பாலும் நீர்க்கட்டிதான் என்றார். எதற்கும் ஸ்கேன் பார்த்துவிடச் சொன்னார். அந்தப் 'பெரும்பாலும்' வழியெல்லாம் அவளைப் பிடுங்கித் தின்றது.

டாலிகஞ்சுக்கு மெட்ரோ ஓட ஆரம்பித்திருந்த வருஷம் அது. ஸ்கேனும் அப்போது புதுசு. அறைக்குள் அவளை மட்டும்தான் விட்டார்கள். கழுத்தில் ஜில்லென்று பசை தடவினார்கள். சின்ன டி.வி. பெட்டியில், சாம்பல் புகைக்கு நடுவே, உருண்டையாகக் கன்னங்கரேலென்று ஒன்று தெரிந்தது. இவ்வளவு கறுப்பாக இருப்பது நல்லதாக எப்படி இருக்கும்? எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"காலோ மானே ஜொல், மாஷிமா" என்றாள் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா. கறுப்பென்றால் தண்ணீர், மாமி. உள்ளே சதை வளர்ந்திருந்தால் இப்படித் தெரியாதாம். ஒரு ஆபரேஷன், எடுத்துவிடலாம்.

கழுத்தைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் வெளியே ஓடிவந்தாள். "தண்ணியாம்னா! வெறும் தண்ணியாம்!"

தாழ்வாரம் முழுக்க ஜனம். தெருவில் அவளோடு சேர்ந்து நடக்கவே கூச்சப்பட்டுப் பத்தடி முன்னால் போகிற மனுஷன் ஜம்புநாதன். கைக்குட்டையை எடுத்து, அத்தனை பேர் பார்க்க, அவள் கழுத்தைத் துடைத்தார்.

"போறும்னா, எல்லாரும் பாக்கறா."

பசை எப்போதோ போய்விட்டிருந்தது. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.