கூடம் கோணல்

"யாரைக் கேட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டே—"

"யாரைக் கேட்கணும்? நான் ஓட்டுற வண்டி—"

"ஓட்டுன வண்டின்னு சொல்லு. வண்டியில ஒரு குறையும் கிடையாது. நேத்துகூட நான்—"

"நீங்க ஓட்டினா கிடையாது. நான் ஓட்டினா இருக்கு. அது ஏன்னுதான் கேட்கிறேன்—"

"அதைத்தானே இத்தனை நாளா நானும் சொல்றேன். குறை வண்டியில இல்ல, கையில. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

சொல்லிவிட்டு வீட்டுக்காரர் தானே சிரித்துக்கொண்டார். தையல்காரம்மா சிரிக்கவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவள் தையல்காரம்மாதான். திரைச்சீலை, சோபா உறை, மெத்தை உறை என்று கனத்த துணிகளாகவே தைப்பவள். நாலு மடிப்பாகப் போட்ட துணியைப் பெரிய கத்தரிக்கோலால் ஒரே இழுப்பில் வெட்டுகிற கை அது. அந்தக் கையில்தான் வலு இல்லையாம். அப்படி ஒரு தீர்ப்பு இந்த வீட்டில் எழுதப்பட்டு, கையெழுத்தும் ஆகிவிட்டது. மகன் தூரத்து ஊரிலிருந்து போனில், "அப்பா சொல்றதுல தப்பு என்னம்மா, வயசாகுதில்ல" என்றான். நரம்பு டாக்டர் கையை மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்து, வேளாவேளைக்கு அமுக்கச் சொன்னார். வீட்டுக்காரர் அதைச் சாப்பாட்டு மேஜையில், உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "அமுக்கினியா?" என்று மாத்திரை போட்டாயா என்பதுபோலக் கேட்பார். கார் சாவி அவருடைய சட்டைப் பைக்குப் போய்விட்டது. குளிக்கப் போகும்போதும் சட்டையோடு போய், சட்டையோடுதான் திரும்பி வந்தது.

எல்லாம் அந்த கேட் தூணால் வந்தது. அக்காவை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய அழைத்துப் போய், திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பினாள். ஸ்டீயரிங் திடீரென்று கல் மாதிரி நின்றுவிட்டது. இழுக்க இழுக்க வரவில்லை. தூணின் முனை பெயர்ந்து, காரின் வெள்ளை பெயின்ட் அதில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவர் அந்தத் தூணைப் பூசவேயில்லை. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் ஓர் ஆணி வளைந்திருந்தால் அன்றைக்கே நிமிர்த்துவார். பூந்தொட்டிக்கு அடியில் அட்டை, செருப்பு வைக்கும் பலகைக்கு அடியில் அட்டை, காருக்கு அடியிலும் அட்டை. தரை கறையாகக் கூடாது. அப்பேர்ப்பட்ட மனிதர், பெயர்ந்த தூணை மட்டும் அப்படியே விட்டு வைத்திருந்தார். வருகிறவர் போகிறவர் கேட்கட்டும் என்று. அவர்களும் கேட்டார்கள். "எங்க வீட்டு அம்மா கைவண்ணம்" என்று அவரும் சொன்னார்.

மெக்கானிக் கேட்டுக்கு வெளியே வெகுநேரமாக நின்றிருக்க வேண்டும். தோளில் பை. வாய் ஓயாமல் பேசுவான் என்பதால் அவனுக்கு சைலன்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். இல்லாத பொருளின் பெயரை வைப்பதுதானே ஊர் வழக்கம்.

"உள்ள வரலாமா, இல்ல இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றான்.

"வாப்பா" என்றாள் அவள்.

அவன் அவளைக் கடந்து போய் அவரிடம் நின்றான். "என்ன கம்ப்ளைன்ட் சார்?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லப்பா. ஓட்டுறவங்களுக்குத்தான்."

"கூப்பிட்டது நானு" என்றாள் தையல்காரம்மா. "ஓட்டுறதும் நானு. என்னைக் கேளு."

மெக்கானிக் திரும்பினான். கொஞ்சம் வெட்கம்தான். "சொல்லுங்கம்மா."

"ஒடிச்சுத் திருப்புறப்ப முனகுது. காத்தாலே ஜாஸ்தி. எண்ணெய் வத்துன தையல் மெஷின் கேட்டிருக்கியா? அந்தச் சத்தம். பெல்ட் ஓடுற பக்கமிருந்து வருது. சத்தம் வந்த கொஞ்ச நேரத்துல ஸ்டீயரிங் கனத்துடுது. என் கையில சாவி இருந்தப்ப கவனிச்சேன், இவர் ஓட்டிட்டு வந்த மறுநாள் லேசா இருக்கும். ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் கனம்."

"அவளுக்கு எதைப் பார்த்தாலும் மெஷின் நினைப்பு" என்றார் அவர். "தம்பி, நானே திருப்பிக் காட்டுறேன் பாரு. ஒத்தை விரல்ல. அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்..." என்று சொல்லிக்கொண்டே சுவரோரம் இருந்த அலமாரியின் பக்கம் போனார். அங்கே டப்பாக்கள் உயர வரிசையில், முகப்பு முன்னால் தெரிய நின்றன. கிடங்குப் பழக்கம்.

"எதையும் தொடாதீங்க சார்" என்றான் மெக்கானிக். "இருக்கிறபடியே பார்க்கணும். ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க."

அவர் அலமாரியைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, ஏறி உட்கார்ந்து, எஞ்சினை உசுப்பினார். ஆள்காட்டி விரலை ஸ்டீயரிங்கில் மாட்டி இழுத்தார். அது அசையவில்லை. இரண்டு விரல் போட்டார். ஒரு கை போட்டார். பிறகு இரண்டு கையும் போட்டு, முதுகை இருக்கையில் அழுத்தி, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். எஞ்சினுக்குள்ளிருந்து முனகல் கிளம்பி, நீண்டு, அழுகை மாதிரி ஏறியது. ஸ்டீயரிங் வேண்டாவெறுப்பாகக் கொஞ்சம் நகர்ந்தது. தையல்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாய்விட்டுச் சிரித்திருக்கலாம். ஆனால் அந்த முனகலையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன இது" என்றார் அவர், தனக்குள் பேசுகிறவர்போல. "நேத்து சாயங்காலம்தானே ஊத்தினேன்."

மெக்கானிக் பானெட்டைத் தூக்கிப் பிடித்தபடியே எட்டிப் பார்த்தான். "எதை ஊத்தினீங்க சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் அலமாரிக்குப் போயிருந்தாள். வரிசையில் ஒரு டப்பாவின் மூடி மட்டும் பளபளவென்று விரல் பட்டுத் தேய்ந்திருந்தது. கழுத்தில் ஒரு துணி சுற்றியிருந்தது, சொட்டு வழியாமல் இருக்க. பக்கத்தில் சின்னப் புனல், கழுவித் துடைத்துக் கவிழ்த்தபடி.

"எத்தனை நாளா இது?" என்றாள், டப்பாவை எடுத்து நீட்டி.

"வண்டின்னா கொஞ்சம் குடிக்கும். தினம் பார்த்துக்கணும், அவ்வளவுதான். நான் எடுக்குறதுக்கு முன்னாடி பார்த்து ஊத்திக்குவேன். இதுக்கெல்லாம் ஊரைக் கூட்டணுமா?"

"நீங்க எடுக்குறதுக்கு முன்னாடி."

"ஆமா."

"நான் எடுக்குறதுக்கு முன்னாடி?"

அவர் காரிலிருந்து இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். மெக்கானிக் டப்பாவை வாங்கி விரலில் தொட்டுப் பார்த்தான். "சார், இது எஞ்சின் ஆயில். ஸ்டீயரிங்கை லேசாக்குற பம்புக்கு இதை ஊத்தலாமா? ரப்பர் சீல் என்னத்துக்கு ஆகும்?"

"மீந்தது இருந்தது. வீணாக்குவானேன். ஆயில்னா ஆயில்தானே."

"பால்னா பால்தான்னு கள்ளிப்பாலைக் குடிப்பீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, அதிகம் பேசிவிட்டோமோ என்று மெக்கானிக் குனிந்து காருக்கு அடியில் இருந்த அட்டையை உருவினான். நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறை, ஈரமாக. அவளும் அந்த அட்டையைத் தினம் பார்த்தவள்தான். பூந்தொட்டி அட்டையோடு ஒன்றாக நினைத்து விட்டுவிட்டாள். அவர் வாரம் தவறாமல் அட்டை மாற்றியதைச் சுத்தம் என்று நினைத்து மெச்சியும் இருக்கிறாள்.

"ஹோஸ்லதான் ஒழுகும், கிளாம்ப் தளர்ந்திருக்கும்" என்றான் மெக்கானிக்.

"பெல்ட் பக்கம்னு சொன்னேன்ல."

"பார்த்துடுவோம்மா." அவன் ஹோஸையும் பம்பையும் துணியால் சுத்தமாகத் துடைத்தான். தன் பையிலிருந்த சரியான ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இருபக்கமும் ஒடிக்கச் சொன்னான். டார்ச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். ஹோஸ் உலர்ந்தே இருந்தது. பெல்ட் சுற்றுகிற உருளைக்குப் பின்னால், பம்பின் தண்டு வெளியே வருகிற இடத்தில், ஒரு துளி திரண்டு, தயங்கி, விழுந்தது. இன்னொன்று திரண்டது.

"தண்டு சீல் மொத்தமா போயிருக்கு. அதான் ஒரே ராத்திரியில வடிஞ்சிடுச்சு" என்றான். "நீங்க சொன்ன பக்கம்தாம்மா."

அவள் அந்தத் துளியையே பார்த்தாள். இந்தத் துளிக்காகவா அந்தப் பந்தை அமுக்கினாள்? போன மாதம் ஒரு மண்டபத்துக்குக் கனத்த திரைச்சீலை தைக்கக் கேட்டு வந்தவர்களிடம், "முடியாதும்மா, கை முன்ன மாதிரி இல்ல" என்று சொல்லி அனுப்பினாள். யாரும் சொல்லச் சொல்லவில்லை. அவளே சொன்னாள். அதற்குப் பிறகு ஊசியில் நூல் கோர்க்கும்போதுகூட விரல் நடுங்குகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடுங்கியது. பார்த்தால் எந்தக் கைதான் நடுங்காது.

போன் அடித்தது. அக்கா.

"நாளைக்கு வாடகைக் காரே சொல்லிடட்டுமாடி?"

"இரு, சொல்றேன். போன தடவை சரியா கொண்டுபோய் விட்டானா?"

"விட்டான், விட்டான். ஆஸ்பத்திரி பின்வாசல்ல விட்டுட்டான், அவ்வளவுதான். முன்வாசலுக்குச் சுத்தி நடந்தேன். நடுவுல உட்கார்ந்துக்கிட்டேன். பரவாயில்ல, பழகிடுச்சு."

"எங்க உட்கார்ந்தே?"

"படியில."

போனை வைத்தபோது அவளுக்குக் காது சுட்டது. அவர் கேட்டிருப்பார், அக்காவின் குரல் எப்போதும் ஊருக்கே கேட்கும். அவர் அலமாரிக்குப் போய்ப் புனலை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றி, ஹோஸ்களை அவிழ்த்தான். பழைய ஆயில் கறுத்த கஷாயம் மாதிரி கிண்ணத்தில் வடிந்தது. பம்பைக் கழற்றி ஒரு துணிமேல் வைத்துப் பிரித்தான். உள்ளிருந்து எடுத்த ரப்பர் வளையம் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம்தான் பெரிது. உப்பி, விளிம்பு கிழிந்திருந்தது. அதை அவளிடம் கொடுத்தான். அவள் இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாள். மாவு மாதிரி நசுங்கியது. "தண்டு தேயலைம்மா, தப்பிச்சீங்க. சீல் மாத்தினா போதும்" என்று சொல்லிவிட்டு, புது சீலுக்காகக் கடைத்தெருவுக்குப் போய்வந்தான். அவன் போயிருந்த நேரம் முழுக்க வீட்டுக்காரர் காரைச் சுற்றி நடந்தார். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை, "காபி போடட்டுமா?" என்று அவர் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் காபி போட்டதில்லை.

"வேண்டாம்" என்றாள்.

பம்பை மாட்டி, பெல்ட்டை இறுக்கி, ஸ்டீயரிங்குக்கு உரிய சிவப்பு ஆயிலை ஊற்றிய பிறகு மெக்கானிக் முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கினான். "உள்ள காத்து அடைச்சிருக்கும். எஞ்சினைப் போடாம, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவா திருப்பணும். நான் இங்க குமிழைப் பார்க்கணும். யாராவது உட்காருங்க."

வீட்டுக்காரர் கதவுக்குக் கை நீட்டினார். தையல்காரம்மா அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

திருப்பினாள். இடது கோடி, வலது கோடி. மறுபடி இடது. "குமிழ் வருதும்மா, இன்னும்" என்றான். அவள் தோளிலிருந்து இழுத்தாள், மணிக்கட்டில் வாங்கினாள். தடித்த துணியை மெஷினுக்குக் கீழே தள்ளும்போது வருகிற அதே நிதானம் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நின்று அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்தாள். நடுங்கவில்லை.

"நின்னுடுச்சும்மா. ஸ்டார்ட் பண்ணுங்க."

சக்கரங்கள் தரையில் இறங்கின. சாவியைத் திருப்பினாள். முனகல் இல்லை. ஒற்றை விரலைப் போட்டு இழுத்தாள். ஸ்டீயரிங் சொன்னபடி சுற்றியது. மெக்கானிக் டார்ச்சை அடித்து, கீழே குனிந்து, நிமிர்ந்து, "சொட்டு இல்ல" என்றான். பையைக் கட்டிக்கொண்டு இந்த முறை அவளிடம் சொல்லிக்கொண்டு போனான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஓட்டுநர் பக்கம் வந்து, சன்னல் வழியாகக் கையை நீட்டினார். பழக்கத்தில் நீட்டியதாகத்தான் இருக்கும்.

"சரி, இறங்கு. சாவியக் குடு. நான் உள்ள தள்ளி நிறுத்திடறேன்."

உள்ளங்கை ரேகையில் எண்ணெய் கறுப்பாக ஓடியிருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கண்ணாடி வழியாக கேட் தூணைப் பார்த்தாள். பெயர்ந்த முனையில் வெள்ளை பெயின்ட் வெயிலில் இன்னும் பளிச்சென்று இருந்தது. அவள் கை ஸ்டீயரிங்கை விட்டு நகரவில்லை.

"அன்னைக்கு நான் அக்காவைக் கூட்டிட்டுக் கிளம்பினப்போ, இதுல எண்ணெய் வத்திடுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"