விழாது என்று சொல்லவில்லை

ஏசி மெக்கானிக் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, பெட்டிக்குப் பின்னால் குருவி கூடு கட்டியிருக்கிறது, அதை எடுத்துப் போட்டால்தான் வேலை பார்க்க முடியும் என்றார். குஞ்சு பொரித்திருக்கிறதா என்று மட்டும் கேட்டாள் அவள். ஆமாம் என்றதும், குஞ்சுகள் பறந்த பிறகு கூப்பிடுகிறோம் என்று காபி கொடுத்து அவரை அனுப்பிவிட்டாள்.

பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு வியர்வையில் ஊறி வீடு திரும்பிய கணவனுக்கு அன்றும் மின்விசிறியின் அனல் காற்றுதான். வேறு சமயமாக இருந்தால் ஒரு பாட்டம் சண்டை போட்டிருப்பான். ஆனால் வயிற்றிலிருந்த பிள்ளை கலைந்துபோன நாளிலிருந்து அவள் எதையுமே வேண்டும் என்று கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டது ஒரு குருவிக் கூட்டுக்காக. பனியனைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியிலேயே போய் உட்கார்ந்தான்.

ஆலயத்துக்கு வருவதையும் அவள் நிறுத்தியிருந்தாள். வேதப்புத்தகத்தைத் தொடுவதில்லை. காலையில் அவன் சத்தமாக வாசிப்பான். அவள் அடுப்படியில் பாத்திரங்களைக் கொஞ்சம் கூடுதலாகவே உருட்டுவாள். பிறகு ஜன்னலோரம் போய் நின்றுவிடுவாள். தாய்க்குருவியின் போக்குவரத்துதான் இப்போது வீட்டுச் செய்தி. அப்பன்காரன் சோம்பேறி, ஒரு புழுவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கம்பியில் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டே இருக்கிறான் என்று அவள் குறைபட்டபோது, ஜாடை தனக்குத்தானோ என்று சந்தேகப்பட்டு அவன் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினான். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக இந்தக் கோடை முழுக்க வெந்தாலும் பரவாயில்லை என்று பட்டது அவனுக்கு.

சனிக்கிழமை காலை ஒரு குஞ்சு கீழே சிமெண்டுத் தரையில் கிடந்தது. அவள்தான் பார்த்தாள். செடித்தொட்டி மண்ணைக் கிளறி அதைப் புதைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"குருவியைப் பத்தி இயேசு சொல்லியிருக்காரே, அதை வாசிங்க."

சின்ன வயதிலேயே அவனுக்கு மனப்பாடமான பகுதி. இருந்தும் புத்தகத்தைத் திறந்தே வாசித்தான். பிதா அறியாமல் ஒரு குருவியும் தரையில் விழுவதில்லை என்கிற இடம் வந்ததும் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். திரும்பவும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தான்.

"விழவே விழாதுன்னு சொல்லலையேங்க."

இத்தனை வருஷமும் விழாது என்கிற தைரியத்துக்காகவே அவன் அதை வாசித்துவந்திருந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவிலும், அவர் பார்த்துக்கொள்வார், ஒன்றும் ஆகாது என்று அவளிடம் அடித்துச் சொல்லியிருந்தான். பிரசங்கங்களில் கேட்ட விளக்கங்களெல்லாம் இப்போது மனதில் வரிசைகட்டி நின்றன. அவற்றையெல்லாம் ஒதுக்கித் தள்ளினான்.

"சொல்லலதான்," என்றான். "நான்தான் அப்படிச் சொன்னேன்."

அவள் தன் விரல் நகங்களில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள்.

"அப்போ, அது விழுந்தப்போ அவர் பக்கத்துல இருந்திருக்கார்." கேட்கிறாளா, சொல்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. "நம்மளோடது போனப்பவும்."

அழுதது அவன்தான். அவள் மண் கையாலேயே அவன் முகத்தைத் துடைக்க, கன்னமெல்லாம் சேறானது. பிறகு புத்தகத்தைத் தன் மடிக்கு இழுத்து, அவன் விட்ட இடத்தில் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினாள். பழக்கம் விட்டுப்போன குரல் முதலில் கரகரத்தது. வெளியே மீதிக் குஞ்சுகள் பசியில் கத்த ஆரம்பித்தன. அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி அவள் குரலை உயர்த்தினாள்.