எங்கள் தெருவின் சராசரி

"ரா டேட்டா கொடுங்க சார்."

மேசைக்கு அடியில் எக்செல் அக்கா என் காலை மிதித்தாள். கல்லூரியில், பொது நிர்வாகத் துறையில் எனக்கு ஒரு வருடம் மூத்தவள். கணினியில் என்ன பிழை வந்தாலும் எல்லோரும் அவளிடம்தான் ஓடுவோம், அதனால் அந்தப் பெயர். இந்த அறைக்குள் வரும் முன்பே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "அட்டவணை கேளு, விளக்கம் கேளு, ரா டேட்டா, அதான் வீடு வீடா எழுதிட்டு வந்த மூலப் பதிவு, அத மட்டும் கேக்காத. கேட்டா, 'நீ பொய் சொல்ற'ன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி."

அப்படித்தான் சொல்ல நினைத்தேன்.

எங்களுக்கு ஆய்வு முறைகள் சொல்லித்தருகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் சராசரி சார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதுக்கும்மா?"

"எங்க தெருவுக்கு அஞ்சுக்கு நாலரை வந்திருக்கு சார்."

"நல்ல விஷயம்தானே?"

நகராட்சிக்காக எங்கள் துறை எடுத்த குடிநீர்க் கணக்கெடுப்பு அது. தண்ணீர் வசதியில் எவ்வளவு திருப்தி என்று ஒவ்வொரு வீடும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். திருப்தி அதிகமான தெருக்களுக்கு இனித் தண்ணீர் லாரி வராது. முதலிடம் எங்கள் தெருவுக்கு. குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும் தெரு. அறிக்கையின் பகுப்பாய்வுப் பகுதியை எழுதும் வேலை என்னுடையது. அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டால்தான் மதிப்பெண்.

முந்தின நாள் அம்மாவிடம் கேட்டிருந்தேன். அம்மா சலவைக்கடையில் துணி தேய்க்கிறவள்.

"யாரும் வந்து கேக்கல. வந்திருந்தா குடத்த கையில குடுத்து, ரெண்டு நடை தூக்கிட்டு வா, அப்புறம் திருப்தியப் பத்திப் பேசலாம்னு சொல்லியிருப்பேன்."

"பக்கத்து வீட்டுல?"

"அவளும் என்கூடத்தானே வேலைக்கு வர்றா? பகல்ல நம்ம தெருவுல பாதி வீட்டுக்கு நாய்தான் காவல். அதக் கேட்டிருப்பாங்க. அதுக்குத் திருப்திதான்."

ஆக, உட்கார்ந்த இடத்திலேயே யாரோ நிரப்பியிருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் ஐயமில்லை.

சார் மறுக்கவில்லை. பென்டிரைவை நீட்டினார். "பாரு. மறைக்க என்ன இருக்கு?"

கேட்டதும் கொடுத்தது இன்னும் உறுத்தியது. எனக்காகவே திருத்திவைத்த கோப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே அக்காவோடு கணினி அறைக்குப் போனேன்.

பொய்யைத் தேடினேன். ஒரே பதில் வரிசையாக வருகிறதா, ஒரே நிமிடத்தில் பல வீடு முடிந்திருக்கிறதா என்று. எதுவும் சிக்கவில்லை. போனவர்கள் உண்மையாகவே போயிருந்தார்கள். "குழாயில் சேறு", "திட்டி அனுப்பினார்" என்று குறிப்பெல்லாம் இருந்தது. எண்களும் ஒன்று, இரண்டு, ஒன்று என்றுதான் ஓடின. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு எங்கிருந்து நாலரை? பெரிய எண் மேலே வரும்படி அடுக்கினேன். மேலே வந்தது ஐந்து இல்லை, ஒன்பது.

"அக்கா, ஒன்பதுன்னா என்ன?"

"பூட்டின வீடு. பதில் கிடைக்கலன்னா ஒன்பது போடணும், கூட்டறப்ப அத எடுத்துடணும்னு..." பாதியில் நிறுத்திவிட்டாள். "ஐயோ. அதையும் சேத்துக் கூட்டிட்டாங்களா?"

சேர்த்துத்தான் கூட்டியிருந்தார்கள். எங்கள் தெருவில் ஐந்து வீட்டுக்கு இரண்டு பூட்டியிருந்தது. எவ்வளவு பூட்டோ அவ்வளவு திருப்தி. ஒன்பதுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் ஒன்றரை. எங்கள் வீடும் ஓர் ஒன்பது. இஸ்திரிப்பெட்டியோடு அம்மா நின்றுகொண்டிருந்த நேரத்தில், இந்த ஊரில் அவளைவிடத் திருப்தியான ஆள் கிடையாது.

கோப்பை என் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு சாரின் அறைக்கு ஓடினேன். போகிற வழியில் மன்னிப்புகூடத் தயாராக வைத்திருந்தேன். பொய் இல்லையே, பிழைதானே, யாருக்கும் வரும். திரையை அவர் பக்கம் திருப்பினேன். நான் விரல் நீட்டும் முன்பே அவர் கண் நேராக அந்த ஒன்பதுகளில் போய் நின்றது.

மன்னிப்பை விழுங்கினேன். "உங்களுக்குத் தெரியுமா சார்?"

"போன வாரம்தான் கவனிச்சேன்."

"அப்புறம் எதுக்குக் கேட்டதும் கொடுத்தீங்க?"

"உன் கண்ணுல படாதுன்னு நெனச்சேன்." அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை. "சுருக்கம் ஏற்கெனவே ஆணையருக்குப் போயிடுச்சும்மா. நாளைக்குக் கூட்டம். இப்பப் போய்த் தப்புன்னு சொன்னா துறை மானம் கப்பலேறிடும். நீ கையெழுத்துப் போடு. அடுத்த அறிக்கையில திருத்திக்கலாம்."

"லாரிய நிறுத்தினப்புறமா?"

"திரும்ப விடுவாங்க."

"யார் சொன்னது?"

பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "உங்க வீட்டுல முதமுதலா படிச்சு வந்தவ நீ. உன்ன நம்பித்தான் எல்லாரும் இருக்காங்க. யோசிச்சுப் பண்ணு."

மிரட்டலாக இருந்திருந்தால் பரவாயில்லை. அக்கறைபோல் இருந்தது. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கூட்டம் எத்தன மணிக்கு சார்?"

"நீ எதுக்குக் கேக்கற?"

பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்த எக்செல் அக்கா பல்லைக் கடித்தாள். "ஏய், மார்க் போயிடும்டி."

"போகட்டும்க்கா. வழிய விடு."

அவள் ஒதுங்கினாள். மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு படியிறங்கினேன். மேலே இருந்து சார் இரண்டு முறை கூப்பிட்டார். கூட்டம் எப்போது என்று மட்டும் சொல்லவில்லை. நகராட்சி வாசலில் காவலுக்கு நிற்பவரைக் கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார்.