தொடைக்குள் இருந்த பாக்கி

எலும்பு ஆஸ்பத்திரிக்கு நான் தரவேண்டியிருந்த பாக்கி பதினெட்டாயிரத்து நானூற்று இருபது. அவ்வளவு பாக்கி வைத்திருப்பவனுக்குப் போன் போட்டு, "வாங்க, உங்க தொடையில வச்ச கம்பிய எடுத்துடறோம், காசு எதுவும் வேணாம்" என்று சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

கிடங்கில் மூட்டை தூக்குவது என் வேலை. அடுக்கு சரிந்து மேலே விழுந்ததில் வலது தொடை எலும்பு இரண்டாகிப் போனது. இந்த ஆஸ்பத்திரியில்தான் எலும்புக்குள் நீளமாக ஒரு கம்பியை இறக்கி என்னை மறுபடி நிற்க வைத்தார்கள். எலும்பைத் தவிர வேறு எதையும் பார்க்காத இடம் அது. கால் வளைந்து பிறந்த குழந்தைக்கு வாரம் ஒரு மாவுக்கட்டு, இடுப்பு தேய்ந்தவருக்குப் புது மூட்டு, ஒரு கால் குட்டையானவருக்குப் பின்கட்டில் இருக்கும் பட்டறையிலேயே உயரம் வைத்த செருப்பு. காலில் எடை கட்டித் தொங்கவிட்டு என்னைப் படுக்க வைத்திருந்த நாட்களில்தான் எதிர்ச்சுவர் போர்டை வைத்து எழுத்துக் கூட்டப் பழகினேன். நான் முதன்முதலில் படித்து முடித்த வாக்கியம் 'நோயாளி காலை அசைக்கக் கூடாது.'

எலும்பு கூடிவிட்டது. ஆனால் கம்பியின் மேல்முனை இடுப்போரம் குத்திக்கொண்டே இருந்தது. குந்த முடியாது. தோளில் மூட்டை ஏறினால் உயிர் போய் உயிர் வரும். மேஸ்திரி என்னைக் கிடங்கு கூட்டும் வேலைக்கு மாற்றிக் கூலியைப் பாதியாக்கிவிட்டார். "அடுத்த சீசனுக்குள்ள மூட்ட தூக்கற ஆளா வா. இல்லேன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார். கம்பி வெளியே வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அதற்காக, கூப்பிட்டவுடன் போய்ப் படுத்துவிட முடியுமா?

என் மச்சினன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். ஊர்ச் செய்தி எல்லாம் அவன் வண்டியில்தான் ஏறி இறங்கும்.

"ஆஸ்பத்திரிய விக்கப் போறாங்க மாமா. அதான் இரும்பெல்லாம் திருப்பி எடுக்கறாங்க. தவண கட்டாத வண்டிய வந்து தூக்கிட்டுப் போவாங்கல்ல, அந்த மாதிரி."

"அதுக்கு இவரு தொடைய அறுப்பாங்களா?" என்றாள் என் மனைவி.

"தொட அவங்களுக்கு எதுக்குக்கா? கம்பி போதும். கழுவித் தொடச்சு அடுத்த ஆளுக்குப் போட்டுட்டா புதுக் கம்பி கணக்கு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பிக்கான பணத்தை நான் முழுதாகக் கட்டவில்லை என்பது உண்மைதானே. அப்படியானால் அது யாருடைய கம்பி? ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் வேறொருவன் பொருளைத் தொடைக்குள் ஒளித்து வைத்திருப்பது போலவே இருந்தது.

ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று மனைவியோடு கிளம்பினேன்.

வாசலில் நுழையும்போதே மனசு சரியில்லை. மாடி வார்டுக்குப் பூட்டுத் தொங்கியது. நான் படுத்திருந்த கூடத்தில் கட்டில்களில் பாதிதான் இருந்தன. மின்விசிறி கழற்றிய இடத்தில் கொக்கி மட்டும் தொங்கியது. பளபளப்பான ஷூ போட்ட இரண்டு பேர் நடைபாதையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். நோயாளிகள் உட்கார்ந்திருந்த பெஞ்சையும் சேர்த்தே அளந்தார்கள். பட்டறைப் பக்கம் சுத்தியல் சத்தமே இல்லை.

பெஞ்சில் ஐந்தாறு பேர். எல்லோரும் என்னைப் போலவே ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் போன் வந்திருக்கிறது. எல்லோருக்கும் தொடையில் கம்பி. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

கை கால் பயிற்சி கொடுப்பவரை அங்கே எல்லோரும் 'வலி மாஸ்டர்' என்றுதான் சொல்வோம். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றே ஆளை அழ வைத்துவிடுவார். அவரை ஓரமாக இழுத்தேன்.

"மாஸ்டர், மறைக்காம சொல்லுங்க. மூடறாங்களா?"

"எனக்கே தெரியலப்பா. விக்கறாங்கன்னு ஒருத்தர் சொல்றாரு. பெரிய ஆஸ்பத்திரியோட சேக்கறாங்கன்னு ஒருத்தர் சொல்றாரு. சம்பளம் என்னைக்குன்னுதான் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"அப்ப எங்க கம்பிய எதுக்கு எடுக்கறீங்க?"

அவர் அந்த டேப்காரர்களைப் பார்த்தார். "அத டாக்டரம்மாகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். என்னை அழ வைக்கும்போதுகூட முகத்துக்கு நேராகப் பார்க்கிறவர் அவர். அன்றைக்குப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்தார். நான் உட்காரவில்லை.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்கம்மா. எடுத்த கம்பிய யாருக்குப் போடுவீங்க?"

"யாருக்கும் போட மாட்டோம். ஒருத்தர் உடம்புல இருந்தத இன்னொருத்தருக்குப் போடக் கூடாது. வேணும்னா உங்க கையிலயே குடுத்துடறேன்."

"அப்ப எதுக்கு இவ்ளோ அவசரம்?"

அவர் எக்ஸ்ரேயில் கம்பியின் தலையைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குள்ள மரை இருக்கு. அந்த மரைக்குன்னே செஞ்ச பிடிய உள்ள திருகி, மாட்டித்தான் இழுக்க முடியும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மரை. இந்தக் கம்பி செஞ்ச கம்பெனி இப்ப இல்ல. அந்தப் பிடி எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. மாசக் கடைசியில ஸ்டோர்ல இருக்கறதெல்லாம் ஏலம். யாரு எடுப்பாங்களோ, எடைக்குப் போட்டுடுவாங்களோ, தெரியாது. அதான் இந்தக் கம்பி வச்ச எல்லாரையும் கூப்பிடறேன்."

கதை நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"அந்தப் பிடியக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றாள் என் மனைவி.

ஆள் அனுப்பி எடுத்துவரச் சொன்னார். முழநீளத்துக்கு ஒரு உருக்குத் தண்டு, தலையில் குறுக்குக் கைப்பிடி, நுனியில் மரை. நுனி மரை வழவழவென்று தேய்ந்திருந்தது. "யோசிச்சுச் சொல்றோம்மா" என்று வந்துவிட்டோம்.

மறுநாள் மச்சினன் வண்டியில், எக்ஸ்ரேயோடு கண்ணாடிக் கட்டட ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது பழைய மாடல். இதுக்கு எங்ககிட்ட பிடி இல்ல. எலும்புல பக்கவாட்டுல வழி பண்ணித்தான் எடுக்கணும். எலும்பு மறுபடி ஒடையலாம்." அதற்கு அவர் சொன்ன தொகையைக் கேட்டு மச்சினன், "அதுக்கு மாமாவையே புதுசா வாங்கிடலாம்" என்றான். வெளியே வந்து மச்சினன் வண்டியைக் கிளப்பினான். பிறகு அவனே சொன்னான். "அந்தம்மா பொய் சொல்லல போலருக்கு. ஆனா கம்பிய மட்டும் கையோட வாங்கிடு மாமா. ஏமாந்துடாத."

எலும்பு ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போய்ப் படுத்தேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கட்டையாக்கினார்கள். வலி இல்லை, ஆனால் காது நன்றாகக் கேட்டது. நடுவில் திரை. அந்தப் பக்கம் திருகும் சத்தம், பிறகு சுத்தியல், பிறகு என்னவோ வழுக்கிய சத்தம். அதன்பின் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கால அசைக்காதீங்க."

அசைக்க எனக்குக் கால் எங்கே இருக்கிறது? மரை தேய்ந்திருந்ததைப் பார்த்த பிறகும் படுத்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். கம்பி பாதி வந்து பாதி உள்ளே நிற்க, டேப்காரர்கள் என்னையும் சேர்த்து அளந்து எழுதிக்கொள்வது போல் ஒரு நினைப்பு. மறுபடி திருகல். டாக்டரம்மா மெதுவாக, "இன்னும் உள்ள விடு... இன்னும் கொஞ்சம்... இப்ப அடி" என்றார். ஒரு அடி, இன்னொரு அடி. மேசையே மேலே நகர்ந்தது போலிருந்தது. அப்புறம் தட்டில் 'ணங்' என்று விழுந்தது.

துணியில் சுற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டார்கள். மச்சினன் தூக்கிப் பார்த்து, "இவ்ளோ லேசாவா இருக்கு? இதுக்கா இத்தன வெல?" என்றான். கம்பி கிடைத்துவிட்டது, இனி பாக்கியைக் கேட்டுப் பிடிப்பார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. கடனாக வாங்கிய இரண்டாயிரத்தைச் சட்டைப்பையில் தயாராக வைத்திருந்தேன். மூன்று மாதம் எடை தூக்காமல் இருந்துவிட்டு மூட்டைக்குப் போகலாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியபோதும் பாக்கியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. ஊன்றுகோலோடு நானே கணக்கர் ஜன்னலுக்குப் போனேன்.

"பழைய பாக்கி எல்லாத்தையும் தள்ளிட்டோம். புதுசா எடுத்து நடத்த வர்றவங்க அதெல்லாம் ஏத்துக்க மாட்டாங்களாம். நீங்க போகலாம்" என்றார் கணக்கர்.

"வாயால சொன்னா எப்படிங்க? நாளைக்கு வர்றவரு வீட்டு வாசல்ல வந்து நின்னா?"

"ஐயா, நிக்க மாட்டாங்க."

"எழுதி முத்திர போட்டுக் குடுங்க."

"முத்திரையெல்லாம் கட்டி வச்சாச்சு."

"கட்டினத அவுக்கலாம்ல? நான் உக்காந்துக்கறேன். இப்ப நல்லாவே உக்கார வருது."

முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைப் பிரித்தார். தாளை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். என் பெயர் சரி. தொகை சரி. 'தள்ளுபடி செய்யப்பட்டது. பாக்கி இல்லை.' முத்திரையின் மை காயும்வரை ஊதினேன்.

வெளியே பெஞ்சில் புதிதாக ஒருவர், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எடுத்துட்டாங்களா? எதுக்குப்பா இவங்க காசு வாங்காம எடுக்கறாங்க?"

டாக்டரம்மா சொன்னதை எல்லாம் சொன்னேன். மரையைச் சொன்னேன், பிடியைச் சொன்னேன். துணியைப் பிரித்துக் கம்பியைக் காட்டச் சொன்னேன், மனைவி காட்டினாள். பேச்சுவாக்கில் பாக்கி தள்ளுபடியான தாளையும் எடுத்து நீட்டினேன். "தைரியமாப் படுங்க. மாசக் கடைசிக்குள்ள எடுத்துடுங்க" என்றேன்.

அவர் தாளைத் தொடவில்லை, எட்டித் தொகையை மட்டும் படித்தார். என் சட்டைப்பையைப் பார்த்தார், மனைவி கையில் இருந்த கம்பியைப் பார்த்தார், கடைசியில் என் முகத்தைப் பார்த்தார்.

"பதினெட்டாயிரத்தத் தள்ளிட்டாங்களா?" என்றார். "அதான பாத்தேன். இதச் சொல்லத்தான் உன்ன வாசல்ல நிறுத்தியிருக்காங்களா?"