தோணியில் வந்த வளவு

கல்முனைக்குடியில் ஓர் ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் அவன் வீட்டில் நடப்பது பாதிக் கல்யாணம், பாதி வீடு காலி செய்தல். வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்ணுக்கு, ஆணுக்கு உடுப்புப் பெட்டி. இந்தக் கரையின் வழக்கம் அப்படி. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். றிபாஸ் அக்கரைப்பற்றுக்கு மாப்பிள்ளையாகப் புறப்பட்ட அன்று உடுப்புப் பெட்டி, ஏசி திருத்துகிற சாமான் பை, இஸ்திரிப் பெட்டி எல்லாம் வேனில் ஏறியாயிற்று. கடைசியாக டீவிக்குக் கீழே இருந்த கறுப்பு கேம் பெட்டியை அவன் வயரோடு கழற்றியபோதுதான் தங்கை ஸம்றா கதவோரம் வந்து நின்றாள்.

பெட்டி அவன் காசில் வாங்கியது. அதில் யாரும் ஞாயம் பேச முடியாது. வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த கையோடு கட்டாருக்குப் போய், வெயிலில் கூரை கூரையாக ஏறி ஏசி திருத்தி, தங்கைக்கென்று இந்த வீட்டைக் கட்டி முடித்தவன் அவன். தனக்கென்று அவன் வாங்கியது அந்தப் பெட்டி ஒன்றைத்தான். ஆனால் அதற்குள்ளே ஒரு தீவு இருந்தது. வில்லங்கம் அந்தத் தீவில்தான்.

விளையாட்டு இதுதான். ஆளுக்கொரு வெறுந்தீவு தருவார்கள். ஒரு தென்னை, ஒரு நண்டு, மிச்சமெல்லாம் மணல். கல் உடைத்து, மரம் தறித்து, அதை மனிதர் இருக்கிற இடமாக்க வேண்டும். ஸம்றா காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன் கல் உடைப்பான், அவள் கட்டுவாள். பாலர் பாடசாலையில் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து அவள் உட்காருகிற இடம் அந்தத் தீவு. கிணறு வைத்தாள், ஜம்பு மரம் நட்டாள், அதில் ஊஞ்சல் கட்டினாள். வாசலில் ஒரு பலகையும் உண்டு. அந்த விளையாட்டுக்குத் தமிழ் தெரியாது. புள்ளி புள்ளியாக வைத்து, கண் பூத்துப்போக, 'நம்மட வளவு' என்று அவளே எழுத்தை வரைந்து மாட்டியிருந்தாள். வருடக் கணக்கான உழைப்பு. விளையாட்டுத்தானே என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் அந்தக் கிணற்றைக் கட்டிப் பார்க்கட்டும், பிறகு வாய் திறக்கட்டும்.

"ஏன்கா மொகத்தத் தூக்கி வெச்சிரிக்கிற?" என்றான் றிபாஸ். "இப்ப இந்த கேம் போன்லயும் வந்திட்டு. எண்ட எக்கவுண்ட ஒண்ட போனோட லிங்க் பண்ணினாச் சரி. தீவு ரெண்டு எடத்திலயும் இரிக்கும். ரெண்டு நிமிஷ வேல."

ரெண்டு நிமிஷமாம்!

ஸம்றா போனில் விளையாட்டை இறக்கினாள். அது அவளுக்கும் ஒரு தென்னையும் ஒரு நண்டும் தந்தது. இப்போதைக்கு இருக்கட்டும் என்று அவளை நண்பராகச் சேர்த்துவிட்டு, றிபாஸ் 'கணக்கை இணை' என்ற இடத்தை அழுத்தினான். கணக்கில் பதிந்த தொலைபேசிக்கு ஓர் இலக்கம் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது. பதிந்த தொலைபேசி எது? கட்டாரில் வைத்திருந்த சிம். அந்தச் சிம் எங்கே? பிளேன் ஏறுகிற அன்று அறையில் இருந்த ஒருவனுக்குச் சும்மா கொடுத்துவிட்டு வந்தாயிற்று. ஊருக்கு வருகிற மனிதன் கம்பளியையும் பால்மாவையும் கட்டுவானா, சிம்மைக் கட்டிக்கொண்டு வருவானா?

சரி, தொலைபேசி இலக்கத்தை மாற்றுவோம் என்று போனால், மாற்றுவதற்கு அனுமதி வேண்டுமாம். அனுமதி இலக்கம் எங்கே வருமாம்? பழைய சிம்முக்கு! திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பெட்டியைத் திறந்து திறப்பை எடுத்து வா, பெட்டியைத் திறந்து தருகிறேன் என்கிற கதை. உதவிக்கு ஒரு சாளரம் இருந்தது. அதில் கதைத்தது மனிதனில்லை, ஒரு யந்திரம். என்ன கேட்டாலும் 'பழைய இலக்கத்துக்கு அனுப்பிவிட்டோம்' என்று சொல்லிப் பக்கத்தில் ஒரு சிரித்த மூஞ்சியை ஒட்டியது. கடைசியில் 'உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?' என்றும் கேட்டது. ஸம்றாவுக்குப் போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

றிபாஸ் அந்தக் கட்டார் இலக்கத்துக்கே அழைப்பு எடுத்தான். யாரோ ஒருவர் எடுத்தார். தனக்குத் தெரிந்த ஹிந்தியில், "பாய், உங்கள் போனுக்கு இப்போது ஓர் இலக்கம் வந்திருக்கும், அதைக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்றான். அந்தப் பக்கமிருந்து வந்த ஏச்சை உம்மா குசினிக்குள் இருந்தே கேட்டார். பிறகு அந்த மனிதர் இவன் அழைப்பே வராமல் தடுத்தும் வைத்துவிட்டார்.

"அந்த மனிசன் ஏசினது ஞாயந்தானே," என்றார் உம்மா. "எனக்கிட்ட ஒருத்தன் இப்பிடிக் கேட்டா நானும் கள்ளன் எண்டுதான் சொல்லுவன்."

வேன் ஹோன் அடித்தது. ஸம்றா பெட்டியின் வயரைப் பிடித்துக்கொண்டாள். "இத வெச்சிட்டுப் போங்க காக்கா."

அவன் தயங்கினான். உம்மாவுக்குத்தான் மானப் பிரச்சினை. "பொண்ணு வீட்டார் கட்டில்ல இருந்து கரண்டி வரைக்கும் வெச்சிரிக்காங்க. இவன் கைய வீசிக்கிட்டா போற? கொண்டு போகட்டும், விடு."

அப்போதுதான் ஸம்றாவின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. "போங்க, கொண்டு போய் அந்தப் புள்ளைக்கே குடுங்க. காக்காவும் அவக்கு, இப்ப எண்ட தீவும் அவக்கு."

றிபாஸின் முகம் செத்துப்போனது. வெளிநாடு போய் வெந்து, ஒரு வீட்டையே கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறவனிடம் சொல்கிற சொல்லா இது? அவள் வாயை மூடுவதற்குள் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினான்.

பிறகு அவன் உம்மாவுக்கு அழைப்பு எடுப்பான். உம்மா போனை நீட்டினால் ஸம்றா தலையை ஆட்டுவாள். கோபம் பாதி, வெட்கம் மீதி. முதலில் யார் கதைப்பது என்பதுதான் கஷ்டம். காக்கா கட்டிய அந்தப் புள்ளையின் பெயர் சிபானா. ஸம்றா அந்தப் பெயரை ஒரு நாளும் வாயால் சொல்லவில்லை. காக்கா என்று ஒருவன் இனி விருந்துக்கு வந்து போகிற மனிதனாகிவிடுவான், அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லி நெஞ்சைக் கல்லாக்கப் பார்த்தாள். கல்லானால்தானே.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து, அந்தத் தென்னையும் நண்டும் எதற்கு என்று விளையாட்டை அழிக்கப் போனாள். 'அழிக்கவா?' என்று போன் கேட்டது. அவள் விரல் இறங்குவதற்குள் மேலே ஒரு வரி வந்தது: 'உங்கள் தீவுக்கு ஒரு தோணி வருகிறது.'

திறந்து பார்த்தாள். சிவப்புத் தொப்பி போட்ட காக்காவின் ஆள் தோணியிலிருந்து இறங்கினான். பின்னால் ஒரு குவியல் கல். ஸம்றாவுக்கு அந்தக் கற்களைத் தெரியும். அவளுடைய கிணற்றுக் கற்கள் அவை! விருந்தாளியாக வருகிறவர் ஒரு நாளைக்கு ஒரு தோணிச் சாமான் பரிசாகக் கொடுக்கலாம் என்று அந்த விளையாட்டில் ஒரு விதி இருக்கிறது. கணக்குக்கு ஏழு பூட்டுப் போட்ட புத்திசாலிகள் தோணிக்குப் பூட்டுப் போட மறந்துவிட்டார்கள்.

ஆள் கல்லை இறக்கினான், குனிந்து ஸலாம் போட்டான், திரும்பினான், இறங்குதுறையால் வழுக்கிக் கடலுக்குள் விழுந்தான். ஸம்றா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அஸர் முடிந்தால் தோணி வந்துவிடும். ஒரு நாள் வேலிக் கம்பு, ஒரு நாள் ஓடு, ஒரு நாள் ஜம்புக் கன்று. இவள் இங்கே கட்டுவாள், அவன் பக்கத்தில் நின்று பார்ப்பான். அதில் கதைக்க வழியில்லை, கையை ஆட்டலாம், குனியலாம், துள்ளலாம். அது போதும் என்றிருந்தது அவளுக்கு. காக்கா மன்னித்துவிட்டான். வாயால் சொல்லத் தெரியாதவன், கல்லாய்ச் சொல்கிறான். எப்போதும் அவன் அப்படித்தானே?

ஆனால் ஆள் கொஞ்சம் தடுமாறினான். கன்றை மணலில் தலைகீழாக நட்டான். கதவைக் கொண்டுவந்து கிணற்றில் சாத்தினான். கடலுக்குள் விழாமல் ஒரு நாளும் திரும்பிப் போனதில்லை. இத்தனை வருஷம் விளையாடியவனுக்கு என்ன வந்தது? புது மாப்பிள்ளை, மூன்று நேரமும் புரியாணி, மூளை வேலை செய்யாது என்று ஸம்றா விட்டுவிட்டாள்.

"மொகம் தெளிஞ்சிரிக்கி. காக்காவோட கதைச்சிட்டியா?" என்று உம்மா கேட்டார்.

"கதைக்கல்ல உம்மா. ஆனா கோவம் ஒண்டும் இல்ல."

"நல்ல கூத்துதான்," என்றார் உம்மா.

ஊஞ்சல் வந்த அன்றுதான் அவளால் தாங்க முடியவில்லை. தோணியில் தன் ஊஞ்சலைக் கண்டதும் கண் நிறைந்துவிட்டது. சிவப்புத் தொப்பிக்காரன் அதை ஜம்பு மரத்தில் மாட்டப் பாடுபட்டுக்கொண்டிருக்கும்போதே, உம்மாவின் போனை எடுத்துக் காக்காவுக்கு அழைப்பு எடுத்தாள்.

துளை போடுகிற யந்திரத்தின் சத்தம் காதைக் கிழித்தது. பிறகு நின்றது. "உம்மா?"

"நான்தான் காக்கா."

"ஸம்றாவா? அல்லாஹ்வே, உம்மாவுக்கு என்ன?"

"உம்மாவுக்கு ஒண்டுமில்ல. ஊஞ்சல் வந்திட்டு. அதச் சொல்லத்தான் எடுத்த. நான் அண்டைக்கு அப்பிடிக் கதைச்சிரிக்கக் கூடா, காக்கா."

"அத உடு. என்ன ஊஞ்சல்?"

"நீங்க இப்பக் கொண்டு வந்த ஊஞ்சல்தான்."

"நான் பொத்துவில்ல ஒரு ஹோட்டல்ல, ஏணியில நிக்கன் புள்ள. நீ அப்பிடிச் சொன்னதுக்குப் பொறகு அந்தப் பெட்டியத் தொட மனம் வரல்ல. அலுமாரிக்கு மேல தூக்கி வெச்சது வெச்சதுதான்."

ஸம்றா தன் போனைப் பார்த்தாள். சிவப்புத் தொப்பிக்காரன் ஊஞ்சலைத் தலைகீழாக மாட்டிவிட்டு, தள்ளி நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப இது ஆரு?"

றிபாஸுக்கு விளங்க ஒரு நொடிதான் எடுத்தது. பிறகு ஏணி ஆடும்படி சிரித்தான். "வீட்டில ஒராள்தானே இரிக்கி. நம்பர் அனுப்புறன், நீயே கேளு."

நம்பர் வந்தது. ஸம்றா உம்மாவின் போனிலேயே அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடித்ததும் சிவப்புத் தொப்பிக்காரன் நட்ட மரமாய் நின்றான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஸம்றா."

"வஅலைக்குமுஸ்ஸலாம்." குரல் சின்னக் குரல், பயந்த குரல். "கோவிக்காதீங்க. அவருக்கிட்டயும் கேக்காமத்தான் பெட்டிய எறக்கின. எனக்கு இது வெளையாடத் தெரியா."

"தெரியுது," என்றாள் ஸம்றா. சொன்ன பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்தது.

"மொதல்ல லிங்க் பண்ணித்தான் தரப் பார்த்த. அந்தக் கொம்பனிக்காரனோட மல்லுக்கட்டினன். என்ன கேட்டாலும் பழைய நம்பருக்கு அனுப்பிட்டமாம். அதோட ஒரு சிரிச்ச மூஞ்சி..."

"அந்த மூஞ்சி! அதக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்!"

"ஓம்! பெரச்சின தீர்ந்ததா எண்டும் கேக்கான், வெக்கமில்லாம!"

இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கம்பனியைத் திட்டிய திட்டில் உம்மாவே எட்டிப் பார்த்தார். யாரோ ஒருவரைச் சேர்ந்து ஏசுவதைப் போல மனிதரை நெருக்கமாக்குகிற காரியம் வேறென்ன இருக்கிறது? ஏசி முடித்ததும் ஸம்றா மெதுவாகக் கேட்டாள். "ஏன் இவ்வளவு கஷ்டப்படுறீங்க?"

சிபானா சொன்னாள். "அது நீங்க கட்டின தீவு எண்டு அவர் சொன்னவர், நான் சுத்திப் பார்த்தன். கிணத்தடியில சவுக்காரம் வைக்க ஒரு சின்னக் கல்லு வெச்சிரிக்கீங்க. அதப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரியாப் போச்சி. நம்மட பக்கத்தில வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே? எண்ட காக்காவும் எனக்கு இந்த வீட்டக் கட்டித் தந்திட்டுத்தான் நிந்தவூருக்குப் போனவர். அவர் போன பொறகு நான் அழுதது எனக்குத் தெரியும். இன்னொரு புள்ளட வீட்ட எண்ட வீட்டுக்குள்ள வெச்சிக்கிட்டு எப்பிடி இரிக்கிற?"

அந்தப் புள்ளைக்கே குடுங்க என்று ஸம்றா எறிந்த சொல்லைத்தான் இவள் ஒவ்வொரு நாளும் கல்லாக்கித் தோணியில் திருப்பிக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. துடைக்கவும் இல்லை அவள்.

"மதினி," என்றாள். முதல் தரம் சொல்கிறாள். சொன்னதும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிப் போனது.

"இனிப் பலகை மட்டுந்தான் மிச்சம்," என்றாள் சிபானா. அவள் குரலும் நனைந்திருந்தது. "நீங்க எழுதின பலகை. கழட்டினா எழுத்துக் கொட்டுண்டு போகுமோ எண்டு பயத்தில தொடவே இல்ல. நாளைக்குக் கொண்டு வரவா?"

"அங்க இப்ப வேற என்ன இரிக்கி மதினி?"

"என்ன இரிக்கி... ஒரு தென்ன. ஒரு நண்டு."

ஸம்றா கண்ணைத் துடைத்தாள். "பலகை அங்கயே இரிக்கட்டும். அதுவும் நம்மட வளவுதானே. நாளைக்கு நீங்க வராதீங்க. நான்தான் தோணியில கல்லு ஏத்திக்கிட்டு வாறன். ஒங்களுக்குக் கிணறு எந்தப் பக்கம் வேணும் எண்டு பார்த்து வைங்க."

தீவில் சிவப்புத் தொப்பிக்காரன் ஒரு துள்ளுத் துள்ளினான். இன்னொரு துள்ளுத் துள்ளினான். மூன்றாவது துள்ளில் இறங்குதுறையால் வழுக்கி மறுபடியும் கடலுக்குள் விழுந்தான்.